கறிவேப்பிலைக்குச் சாடி மாற்றுகிற காலம்

எங்கட வீட்டுக் கறிவேப்பிலை மரத்தை நான் கிட்டத்தட்ட கொன்றே விட்டேன். அதுவும் நல்லது செய்யப் போய். இந்தக் கதையைப் பிறந்தநாள் பார்ட்டியிலோ தமிழ் வகுப்பு வாசலிலோ எங்கே சொன்னாலும், "எங்கட வீட்டிலயும் இதேதான்" என்று இரண்டு பேராவது சொல்கிறார்கள். யாருடைய மரமும் சமரில் சாவதில்லை. எல்லாம் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான். அதிலும் கனக்க, ஆசையாகப் புதுச் சாடிக்கு மாற்றிய பிறகுதான்.

மரம் என்று சொன்னதற்குச் சிரிக்க வேண்டாம். நாலடி உயரம்தான். ஆனால் வயதில் அது எனக்குத் தங்கச்சி மாதிரி. அம்மாவும் அப்பாவும் 1989 இல் ரொறன்ரோவுக்கு வந்தவர்கள். நான் இங்கே பிறந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு அன்ரி, தன்னுடைய செடியின் வேரில் முளைத்த கன்று ஒன்றைப் பிரித்து, ஈரத்துணியில் சுற்றி, ஷொப்பிங் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். அது ஸ்காபரோவில் எங்கட பதினேழாம் மாடி அப்பார்ட்மென்ட் பால்கனியில் வளர்ந்தது. சமரில் பால்கனி, வின்ரரில் யன்னல் கரை. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நெட்டு முறித்துக் கறிக்குப் போடுவார் அம்மா. கடையில் கறிவேப்பிலை வாங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அப்பா போன பிறகு அம்மா அங்கே தனிய இருந்தார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். பெரிய காயமில்லை. ஆனால் நானும் தம்பியும் முடிவெடுத்துவிட்டோம், அம்மா எங்களோடு மார்க்கமுக்கு வரவேண்டும் என்று. அம்மாவிடம் கேட்டோமா, சொன்னோமா என்று இப்போது யோசித்துப் பார்த்தால் சொன்னோம் என்றுதான் ஞாபகம் வருகிறது.

நவம்பர் மாதம், முதல் ஸ்னோ விழுவதற்கு முன், அம்மாவும் வந்தார், மரமும் வந்தது.

மரம் ஒரு பழைய வெள்ளை வாளியில் இருந்தது. உணவகங்களுக்கு ஊறுகாய் வருகிற வாளி. கரையில் ஆங்கில எழுத்துகள் பாதி அழிந்து, வெயிலில் மஞ்சளடித்து, ஒரு பக்கம் வெடித்து டேப் ஒட்டியிருந்தது. எங்கட ஹோலில் வைத்தால் பார்க்க வடிவாக இராது என்று நினைத்தேன். கார்டன் சென்டரில் சீசன் முடிந்து பாதி விலைக்குப் போட்டிருந்த நீல நிறப் பளபளப்புச் சாடி ஒன்று வாங்கினேன். வாளியை விட இரண்டு மடங்கு அகலம். அம்மாவுக்கு ஒரு சந்தோசமான அதிர்ச்சி கொடுப்போம் என்று, அவர் டொக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து மரத்தைப் பிடுங்கி மாற்றினேன். அடியில் கூழாங்கல் பரப்பினேன், தண்ணி வடியுமாம். தோட்டத்து மண்ணும் பையில் வாங்கிய மண்ணும் கலந்து நிரப்பினேன். நிறையத் தண்ணி ஊற்றினேன். பசளையும் போட்டேன். வாளியைக் குப்பையில் வைத்தேன். அடுத்த நாள் காலை லொறி வந்து எடுத்துப் போய்விட்டது.

அம்மா வந்து பார்த்தார். "சாடி நல்ல வடிவாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "வாளி எங்க பிள்ளை?" என்று கேட்டார். எறிஞ்சிட்டன் அம்மா என்றேன். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

ஒவ்வொன்றாகப் பிழை

டிசம்பரில் இலைகள் மஞ்சளித்தன. ஒரு பக்கத்து இலைக்காம்புகள் தொட்டாலே கழன்று விழுந்தன. தண்ணி காணாதாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். ஜனவரியில் மூன்று தண்டும் மொட்டையாக நின்றன. மண்ணில் ஒருவிதப் புளித்த மணம்.

இப்போது தெரிகிறது, நான் செய்ததில் ஒன்றுகூடச் சரியில்லை. இது வெப்பநாட்டு மரம். வெளிச்சம் குறைந்து குளிர் வந்தால் வளர்ச்சியை நிறுத்திவிடும். வேரும் அப்படித்தான், புது வேர் விடாது. அந்த நேரத்தில் வேரைக் குலைத்தால் அறுந்த இடங்களை ஆற்றிக்கொள்ள அதற்குச் சீவன் இல்லை. நான் கடைசியாக ஒருநாள் அம்மாவிடம் கேட்டபோது அவர் சொன்னதைத்தான் இப்போது எல்லாருக்கும் சொல்கிறேன்: "அது நித்திரை கொள்ளுற நேரம். நித்திரையில கிடக்கிற பிள்ளையை எழுப்பி வேற வீட்டுப் பாயில போட்டா என்ன செய்யும்?"

ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னையும் கார்த்திகையிலதானே கொண்டந்தனி" என்றார்.

அதற்குப் பிறகு வாளியைப் பற்றியும் சொன்னார். அப்பா கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவியவர் என்பது எனக்குத் தெரியும். அந்த வாளி அங்கிருந்து வந்தது என்பது தெரியாது. சம்பளம் வாங்கிய ஒரு வெள்ளிக்கிழமை இரவு அதைத் தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்து அப்பார்ட்மென்ட்காரரிடம் ட்ரில் கடன் வாங்கி, அப்பாவே ஓட்டை போட்டாராம். அதை நான் குப்பையில் வைத்திருக்கிறேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வாளி திரும்பி வராது, மரத்தையாவது பார்ப்போம் என்று காலையில் எழும்பினேன்.

பக்கத்து வீட்டுக்காரரின் செடி

எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார், நியூஃபவுண்ட்லாந்தில் பிறந்தவர். நல்ல மனிதர். ஸ்னோ விழுந்தால் எங்கட நடைபாதையையும் சேர்த்துத் துப்புரவாக்கி விடுவார். அவர் தன் பேஸ்மென்டில் கஞ்சா வளர்க்கிறார். பயப்படாதீர்கள், சட்டப்படிதான். கனடாவில் 2018 அக்டோபர் 17 இலிருந்து ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வைத்திருக்கலாம். ஆளுக்கு நான்கு அல்ல, வீட்டுக்கு நான்கு. கியூபெக்கில் அதுவும் கூடாது. உங்கள் பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்காக எழுதுகிறேன், எங்கட ஒன்பது வயது மகள் கேட்டாள். வயது வந்தவர்களுக்குத்தான் சட்டம் அனுமதிக்கிறது, நீ கிட்டப் போகவும் கூடாது, தொடவும் கூடாது என்று நேராகவே சொன்னோம். மறைத்து வைத்தால்தான் பிள்ளைகளுக்கு ஆர்வம் கூடும்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். இந்த நாட்டில் சாடியில் செடி வளர்ப்பதைப் பற்றி ஆழமாக யோசிக்கிறவர்கள் யார் என்று கேட்டால், கஞ்சா வளர்ப்பவர்கள் என்றுதான் சொல்வேன். அவர்களுக்கு எந்த நாள் எந்த அளவுச் சாடிக்கு மாற்றுவது என்பது பெரிய சாத்திரம். விதை முளைத்ததும் சின்னக் கப். இலைகள் கப்பின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டதும் ஒரு கலன் சாடி. அங்கே வேர் நிரம்பியதும் ஐந்து கலன். பூக்கத் தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பாகக் கடைசி மாற்றம் முடிந்திருக்க வேண்டும், பூக்கும்போது வேரில் கை வைக்கக் கூடாது. வயதை வைத்துத் தானாகப் பூக்கிற இனம் என்றால் சாடியே மாற்றாமல் முதலிலேயே கடைசிச் சாடியில் நடுவார்களாம், ஏனென்றால் வேர் ஆற அதற்குக் காலம் போதாது.

அவர் எங்கட மரத்தைப் பார்த்தார். சாடியை ஒரு பக்கம் சரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்குப் பிழைத்தது மரத்தில இல்லை, இந்தக் குளத்தில" என்ற மாதிரி ஏதோ சொன்னார். பிறகு எனக்கு ஒரு கணக்குக் காட்டினார். அகலமும் உயரமும் இரண்டு மடங்கு ஆனால் சாடியின் கொள்ளளவு எட்டு மடங்கு. அந்த எட்டில் ஒரு பங்கில்தான் வேர் இருக்கிறது. மிச்சம் ஏழு பங்கு மண்ணிலும் நிற்கிற தண்ணியை யார் குடிப்பது? ஒருவரும் இல்லை. அது அப்படியே நிற்கும். ஈரம் நிரம்பிய மண்ணில் காற்று இல்லை, காற்று இல்லாமல் வேர் மூச்சுவிட முடியாது, அழுகும். அழுகிய வேரால் தண்ணி இழுக்க முடியாது, அதனால் இலை வாடும். வாடுவதைப் பார்த்து நாங்கள் இன்னும் ஊற்றுவோம்.

கூழாங்கல்லும் பிழை. அது வடிகாலை உயர்த்தாது, ஈரம் தேங்கி நிற்கும் மட்டத்தைத்தான் மேலே உயர்த்தும். தண்ணி மெல்லிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் சும்மா இறங்காது, மண் முழுக்க நனைந்து தாங்க முடியாமல் போனால்தான் இறங்கும். ஓட்டை இருந்தால் கல் தேவையில்லை. மண் ஓடாமல் ஒரு துண்டு வலை போட்டால் போதும்.

மீட்பு

பெப்ரவரி. சாடி மாற்றக் கூடாத காலம்தான், ஆனால் வேர் அழுகும்போது நாள் பார்க்க முடியாது. அந்த ஒரு நிலைமையில் மட்டும் எந்த மாதமும் சரி.

மரத்தை வெளியே எடுத்தோம். கடும் கபில நிறத்தில், விரலால் இழுத்தால் தோல் உரிந்து நூல் மாதிரி மிஞ்சுகிற வேர்கள் எல்லாம் செத்தவை. அவற்றைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டினோம். இறுக்கமாக, வெளிறிய நிறத்தில் இருந்தவை ஒரு கைப்பிடிதான். அதற்கேற்ற ஆறு அங்குலச் சாடி. மண்ணுக்கு, பையில் விற்கிற சாடி மண்ணும் பேர்லைட்டும் கிட்டத்தட்டச் சரிபாதி. பேர்லைட் என்பது அந்த வெள்ளைப் பொரி மாதிரி இருக்கும் கல். அதன் தூசி நெஞ்சுக்குக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் முதலில் கொஞ்சம் தண்ணி தெளித்து நனைத்துவிட்டுப் பையைத் திறவுங்கள்.

மேலே தண்டுகளில் நகத்தால் கீறிப் பார்த்தோம். பச்சை தெரிந்தால் உயிர் உண்டு, கபிலம் தெரிந்தால் இன்னும் கீழே போய்க் கீறவேண்டும். மூன்றில் இரண்டு தண்டு அடிவரை காய்ந்துவிட்டது. ஒன்றில் மட்டும் அரை அடிக்குப் பச்சை இருந்தது. அதற்கு மேலே வெட்டினேன். இருபத்தைந்து வருச மரம் ஒரு விரல் நீளக் குச்சியாகச் சாடியில் நின்றது. அம்மா கதிரையில் இருந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய சூடாக்கும் பாய் ஒன்றும் சின்ன எல்.ஈ.டி. விளக்கும் தந்தார். வேர் அடியில் இளஞ்சூடு, மேலே நாளுக்குப் பதினாலு மணி நேர வெளிச்சம். தண்ணி விடும் பொறுப்பை என்னிடமிருந்து பறித்து மகளிடம் கொடுத்தார்கள், நியாயம்தான். அவர் அவளுக்குப் பழக்கியது ஒரே ஒரு விசயம்: சாடியைத் தூக்கிப் பார். ஈரமாக இருக்கும்போது எவ்வளவு பாரம், காய்ந்தால் எவ்வளவு பாரம் என்று கைக்குத் தெரியும். பாரமாக இருந்தால் தொடாதே. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் தூக்கிப் பார்த்துவிட்டு அம்மம்மாவிடம் போய் ரிப்போர்ட் கொடுப்பாள். முதலில் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு ஆங்கிலம் வடிவாக விளங்கும், ஆனாலும் விளங்காத மாதிரியே இருப்பார். ஒரு கிழமையில் "பாரம்", "லேசு" என்று சொல்லத் தொடங்கினாள். பிறகு அம்மா விரலை மண்ணுக்குள் முதல் மடிப்புவரை விட்டுப் பார்ப்பார், ஆள் சொன்னது சரியா என்று.

ஏப்ரல் நடுவில் ஒரு வியாழக்கிழமை மகள் கத்தினாள். குச்சியின் அடியில் குண்டூசித் தலையளவு ஒரு குருத்து, செம்பச்சை நிறத்தில். "அம்மம்மா, அது முளைச்சிட்டு!" என்று தமிழில் கத்தினாளா ஆங்கிலத்திலா என்பதில் எனக்கும் இவருக்கும் இன்னும் வாக்குவாதம்.

சரி, எப்போது மாற்றுவது?

இவ்வளவு அடிபட்ட பிறகு நான் பின்பற்றுகிற ஒழுங்கை எழுதுகிறேன்.

காலண்டரைவிட மரத்தைப் பாருங்கள். வின்ரர் முடிந்து, நுனியில் புதுக் குருத்துகள் தலைகாட்டும்போதுதான் காலம். அப்போது வேரும் விழித்துவிட்டது என்று அர்த்தம். கனடாவில் வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு அது ஏப்ரல், மே. இங்கிலாந்தில் மார்ச் கடைசியிலிருந்து பார்க்கலாம். சிட்னி, மெல்பேர்ன் ஆட்களுக்கு எல்லாம் தலைகீழ், செப்டெம்பர், அக்டோபர். சிங்கப்பூரில் இருப்பவர்கள் இந்தப் பந்தியை வாசித்துச் சிரிக்கலாம், அங்கே எந்த மாதமும் வளரும்.

ஆனால் காலம் வந்துவிட்டது என்பதற்காக ஒவ்வொரு வருசமும் மாற்ற வேண்டியதில்லை. இளம் கன்றுக்கு வருசம் ஒருமுறை, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. தேவையா என்பதை மரமே காட்டும். அடி ஓட்டையால் வேர் எட்டிப் பார்க்கும். மேலே ஊற்றிய தண்ணி மண்ணில் நிற்காமல் உடனே கீழே ஓடும், ஏனென்றால் உள்ளே மண்ணைவிட வேர்தான் அதிகம். காலையில் தண்ணி விட்டு மாலையில் வாடும். நல்ல வெயில் இருந்தும் சமர் முழுக்க ஒரு அங்குலம்கூட வளராது. இதில் ஒன்று மட்டும் தெரிந்தால் பொறுக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் மரத்தைச் சரித்து, சாடியிலிருந்து மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். வேர்கள் சாடியின் வடிவத்திலேயே வட்டம் சுற்றி, இடியப்பத் தட்டு மாதிரி இறுகியிருந்தால் மாற்றலாம். மண் உதிர்ந்து விழுந்தால் அப்படியே திரும்ப வைத்துவிடுங்கள், ஒரு குறையும் வராது.

புதுச் சாடி பழையதை விட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். இதைத்தான் ஒருவரும் நம்புவதில்லை. பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்குகிற மாதிரி "வளருவான் தானே" என்று இரண்டு சைஸ் கூட எடுக்கக் கூடாது.

முதல் நாள் தண்ணி விடுங்கள், ஈரமான வேர் லேசில் முறியாது. வட்டம் சுற்றிய வேர்களை விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். பிரியாவிட்டால் சுற்றிவர மூன்று நாலு இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழே மேலோட்டமாகக் கீறினால் போதும், கீறிய இடத்திலிருந்து புது வேர் வெளிப்பக்கமாகப் போகும். தண்டு முன்பு எந்த மட்டத்தில் மண்ணுக்கு மேலே இருந்ததோ அதே மட்டத்தில் நிற்கட்டும், ஆழமாகப் புதைக்கக் கூடாது. சாடி மண் மூன்று பங்குக்கு பேர்லைட் ஒரு பங்கு, கூட்டுப்பசளை ஒரு கை. தோட்டத்து மண் வேண்டாம், சாடிக்குள் அது இறுகிக் கல்லாகிவிடும். நட்டு முடிந்ததும் அடியால் ஓடும்வரை ஒருதரம் தண்ணி. பிறகு ஒரு கிழமை நேர் வெயில் படாத இடம். பசளை ஒரு மாதத்துக்கு வேண்டாம், புதுக் காயத்தில் உப்பு வைக்கிற மாதிரி அது.

இரண்டு மூன்று இலை உதிர்ந்தால் பயந்து தண்ணி ஊற்றாதீர்கள். நான் ஊற்றியதே போதும்.

சாடியைப் பெரிதாக்கிக்கொண்டே போக எல்லார் வீட்டிலும் இடமில்லை, தூக்கி உள்ளே வெளியே வைக்க முதுகும் இல்லை. அதற்கும் வழி உண்டு. இளவேனிலில் மரத்தை எடுத்து, வேர்க்கட்டியில் கிட்டத்தட்டக் கால்வாசியைச் சுற்றிவர வெட்டி, மேலே கிளைகளையும் அதற்கேற்றபடி குறைத்து, புது மண்ணோடு அதே சாடியில் வைக்கலாம். இருபத்தைந்து வருசம் ஒரே வாளியில் மரம் நின்ற ரகசியம் இதுதான். மூன்று வருசத்துக்கு ஒருமுறை அப்பா பால்கனியில் பேப்பர் விரித்து ரொட்டி வெட்டும் கத்தியோடு உட்காருவார். நான் அப்போது ஹோலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மோர் ஊற்றலாமா என்று கேட்பீர்கள். புளித்த மோர் ஊற்றுவதும், எங்கட ஆட்கள் மீன் கழுவின தண்ணி ஊற்றுவதும் ஊரில் முற்றத்து மண்ணுக்கு நல்லதுதான். மூடிய யன்னலுக்குள் சாடியில் ஊற்றினால் மணமும் சின்னக் கொசு மாதிரி ஈயும்தான் மிச்சம். சமரில் வெளியே நிற்கும்போது, நன்றாகத் தண்ணி கலந்து எப்போதாவது என்றால் ஆட்சேபணை இல்லை. மோருக்கு ஒரு நியாயம் உண்டு. இந்த மரத்துக்குக் கொஞ்சம் அமிலத்தன்மையான மண் பிடிக்கும். எங்கட குழாய்த் தண்ணியில் சுண்ணாம்பு இருக்கிறது, லண்டன் பக்கம் இன்னும் கூட. சுண்ணாம்பு ஏறினால் மண்ணிலுள்ள இரும்பை வேர் எடுக்க முடியாது, இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதற்கு இரும்புச் சத்து மருந்து கார்டன் சென்டரில் கிடைக்கும். மழைத்தண்ணி பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கறிவேப்பிலை தோடை, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சைலிட் என்ற சின்னப் பூச்சி இரண்டிலும் வாழும், அது காவுகிற நோயால் ஃப்ளோரிடாவில் தோடந்தோட்டங்கள் பெரிய அழிவைக் கண்டன. அதனால் ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா போன்ற இடங்களிலிருந்து இந்தச் செடியை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. மச்சாளுக்குக் கன்று பார்சலில் அனுப்ப முதல் மாநில விவசாயத் திணைக்களத்தின் விதியைப் பாருங்கள். ஊரிலிருந்து மண்ணோடு பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருகிற ஐடியாவும் வேண்டாம், எந்த நாட்டு விமான நிலையத்திலும் அது வில்லங்கம்.

வேலிக்கு மேலால்

ஒன்ராறியோவில் விக்டோரியா டே விடுமுறைக்குப் பிறகுதான் செடிகளை வெளியே வைப்பது வழக்கம். மே 25 க்கு முந்தின திங்கட்கிழமை. கறிவேப்பிலைக்கு நான் இன்னும் ஒரு கிழமை பொறுப்பேன், இரவில் பத்துப் பாகைக்குக் கீழே போகாமல் இருக்கவேண்டும். முதலில் நிழல், பிறகு காலை வெயில், பிறகுதான் முழு வெயில். நேரே வெயிலில் வைத்தால் இலை கருகும்.

அந்த ஜூனில் எங்கட குச்சி ஒன்பது அங்குலம் வளர்ந்திருந்தது. அம்மாவும் வெளியே கதிரை போட்டு இருக்கத் தொடங்கினார். அதுவரை அவர் பின்வளவுக்கு வந்ததே இல்லை, குளிர் என்றார், கால் என்றார். ஒருநாள் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரரின் செடிகளைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் காலத்தில் அவர் இரண்டை வெளியே வைப்பார். அம்மாவுக்கு அது என்ன செடி என்று தெரியும். ஊரில் பொலிஸ் பிடிக்கிற செடி. நான் கொஞ்சம் பதற்றத்தோடு பக்கத்தில் போனேன்.

"பிள்ளை, அந்தாளிட்ட சொல்லு. கீழ் இலை மஞ்சளிக்குது. சாடி காணாது" என்றார்.

சொன்னேன். அவர் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரே வேர். அன்று பின்னேரமே துணிச் சாடிக்கு மாற்றினார். துணிச் சாடியின் கரையை வேர் எட்டியதும் காற்றுப் பட்டு நுனி காய்ந்து, சுற்றாமல் பக்கத்தில் புதுக் கிளைவேர் விடும், அதுதான் அதன் நன்மை. மறுநாள் வேலிக்கு மேலால் ஒரு வெறும் துணிச் சாடியை அம்மாவுக்கு நீட்டினார். மூன்று கலன். நாங்கள் அடுத்த வருசம் கறிவேப்பிலையை அதில்தான் நட்டோம். அம்மா அவருக்கு வடை கொடுத்தனுப்பினார், கடைக் கறிவேப்பிலை போட்டு.

துணிச் சாடி சமருக்கு நல்லது. வின்ரரில் வீட்டுக்குள் வைத்தால் தரை நனையும், சீக்கிரம் காய்ந்தும் விடும். இந்த மார்ச்சில் துணிக்கு வெளியே வேர் முடி மாதிரித் தெரிந்தது, நுனியிலும் குருத்து. மாற்ற வேண்டும் என்று நான் சொல்ல முதலே அம்மா சொல்லிவிட்டார். என்ன சாடி வாங்குவது என்று கேட்டேன்.

"வாளி ஒண்டு எடு" என்றார்.

இவர் தனக்குத் தெரிந்த ஒரு கேட்டரிங் ஆளிடம் தயிர் வாளி ஒன்று வாங்கி வந்தார். வெள்ளை, இருபது லீட்டர். சாப்பாட்டுக்குப் பாவித்த வாளியாக இருக்கட்டும், பெயின்ட் வாளி வேண்டாம், இலையைத் தின்னப் போகிறோம். எங்கட மரத்துக்கு அது இன்னும் பெரிது, அதனால் இவர் அரைவாசி உயரத்துக்கு வெட்டினார். ட்ரில்லை மகள் பிடித்தாள், இவர் அவள் கையைப் பிடித்தார். அம்மா பக்கத்தில் நின்று இடம் காட்டினார். "அடியில அஞ்சு. கரையில மூண்டு, அடியில இருந்து ஒரு இஞ்சி மேல. அடி ஓட்டை அடைபட்டாலும் தண்ணி கரையால போகும். உங்கட அப்பப்பா அப்பிடித்தான் போட்டவர்." அம்மப்பா என்று மகள் திருத்தினாள். "ஓம், அம்மப்பா" என்றார் அம்மா.

மகன் கரையில் டேப் ஒட்டித் திகதி எழுதினான், ஏப்ரல் 19. ஏழு நாள் நிழல் முடிந்து இப்போது குசினி யன்னலில் நிற்கிறது. எட்டு நெட்டு இலை. அம்மா இன்னும் ஒன்றையும் முறிக்கவில்லை, பதினைந்து வரட்டும் என்கிறார்.